உயர்த்துவதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை படுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது இரட்டை கேபின், நாலு சக்கரமும் இழுக்கும் டீசல் பிக்கப். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் லீஃப் ஸ்பிரிங், டயர் 265/65 ஆர்17. மாதத்தில் இரண்டு மூன்று நாள் கல்லும் பள்ளமுமான காட்டுப் பாதையில் போவேன். மற்ற நாளெல்லாம் தார்ச்சாலை, பெரும்பாலும் குடும்பத்தோடு. பின் தொட்டியில் மூடிய கூண்டு, கருவிப்பெட்டி, தண்ணீர் கேன்கள் எப்போதும் இருக்கும். முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை வடம் சுற்றி இழுக்கும் கருவி) மாட்டியதிலிருந்து மூக்கு தாழ்ந்துவிட்டது, அடிவயிறு அடிக்கடி கல்லில் உரசுகிறது. ஒரு மெக்கானிக் 4 அங்குல லிஃப்ட் கிட்டும் 33 அங்குல டயரும் போடச் சொல்கிறார். நண்பர் ஒருவரோ, முன்னால் ஸ்பேஸரும் பின்னால் கட்டையும் வைத்தாலே 2 அங்குலம் உயர்ந்துவிடும், அரை நாள் வேலைதான் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இன்னொன்று: பின்சீட்டில் உட்காரும் அம்மா ஏற்கெனவே குலுங்குகிறது என்கிறார். உயர்த்தினால் அது இன்னும் மோசமாகுமா?

பதில்: இருவரும் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இருவருமே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள்: அடியில் எது உரசுகிறது? நீங்களும் ‘அடிவயிறு’ என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, டார்ச்சோடு அடியில் படுத்துப் பாருங்கள். கல் பட்ட இடம் புதிதாக இருந்தால் பளபளக்கும், பழையதென்றால் துருக்கீறலாக இருக்கும். எந்த இடம் என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

பின் ஆக்சில் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலில் கீறல் இருந்தால், உலகத்திலுள்ள எந்த ஸ்பிரிங்கும் உங்களுக்கு உதவாது. ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங் உயர்த்துவது ஆக்சிலுக்கு மேலே இருக்கிற சேஸிஸையும் உடம்பையும் மட்டும்தான். டிஃபரன்ஷியலைத் தரையிலிருந்து தூக்க வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும், அதுவும் விட்டம் கூடியதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். லிஃப்ட் போட்டும் அதே கல்லில் அதே இடம் இடிக்கிறதே என்று திரும்பி வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கீறல் வண்டியின் நடுப்பகுதியில், கியர்பாக்ஸுக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்திலோ படிக்கட்டிலோ இருந்தால், அங்கேதான் ஸ்பிரிங் உயரம் நேரடியாக வேலை செய்கிறது. பின் கோடியில், ஸ்பேர் டயர் மீதோ இழுவைக் கொக்கி மீதோ என்றால், முக்கால்வாசி நேரம் காரணம் பின் ஸ்பிரிங் பாரத்தில் அமுங்கிப்போயிருப்பதுதான். முன் பம்பரின் அடி உதடு என்றால், உங்கள் பம்பரின் வடிவத்தையே சந்தேகப்படுங்கள். சில இரும்பு பம்பர்கள் கம்பெனி பம்பரைவிடக் கீழே இறங்கியிருக்கும்.

உங்கள் வர்ணனையை வைத்துப் பார்த்தால் நடுவயிறும் பின்கோடியும்தான் என்று ஊகிக்கிறேன். நீளமான பிக்கப்புகளின் பிறவிக் குணம் அது. டொயோட்டா ஹைலக்ஸ் இரட்டை கேபினில் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே 3,085 மி.மீ.; மற்ற கம்பெனி வண்டிகளும் பெரும்பாலும் 3 மீட்டருக்கு மேல்தான். இவ்வளவு நீளமான வண்டி ஒரு மேட்டைக் கடக்கும்போது வயிறு தட்டாமல் தப்பிக்கும் கோணம் குறைவு. தோராயக் கணக்குப் போடுவோம். நடுவயிறு தரையிலிருந்து 220 மி.மீ. என்றால் அந்தக் கோணம் சுமார் 16 டிகிரி. 50 மி.மீ. உயர்த்தினால் சுமார் 20. இன்னொரு 50 உயர்த்தினால் 23-ஐத் தாண்டும். (சக்கரம் உருண்டை என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் கூடவே வரும்.) ஆக முதல் 50-க்கும் இரண்டாவது 50-க்கும் கிடைக்கும் லாபம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இரண்டாவது 50-க்காக வண்டியில் செய்யவேண்டிய அறுவைச் சிகிச்சை பல மடங்கு பெரிது.

அங்கேதான் 4 அங்குல கிட் வருகிறது. முன் சக்கரங்களுக்கு டிஃபரன்ஷியலிலிருந்து விசையைக் கொண்டுபோகும் அச்சுகளின் இரு முனையிலும் சி.வி. ஜாயின்ட் இருக்கிறது. அது ஓரளவு கோணம் வரைக்கும்தான் சுகமாகச் சுழலும். உடம்பை 100 மி.மீ. தூக்கினால் அச்சு மிகவும் சரிவாகச் சாய்ந்துவிடும். ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் தெறிக்கும், மண் உள்ளே போகும், அப்புறம் ஜாயின்ட்டே போகும். இதைத் தவிர்க்க 4 அங்குல கிட்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முன் டிஃபரன்ஷியலையும் கீழ் ஆர்ம்களை (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் இரும்புக் கைகள்) தாங்கும் குறுக்குச் சட்டங்களையும் புதிய பிராக்கெட் போட்டுக் கீழே இறக்குகிறார்கள். அதாவது உடம்பு மேலே போகிறது, முன் சக்கரங்களுக்கு நடுவிலிருக்கும் இரும்பு கிட்டத்தட்ட பழைய உயரத்திலேயே நிற்கிறது. பெரிய டயர் நுழைய இடம் கிடைக்கும், வண்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். கல்லின் கண்ணுக்கோ முன்பக்கம் பெரிதாக மாறியிருக்காது.

கவிழும் கணக்கையும் பார்த்துவிடுவோம், குடும்பத்தோடு போகிறவர் நீங்கள். இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் வண்டிகளுக்குக் கவிழ்வுத் தரம் கொடுப்பது இந்த எண்ணை அடிப்படையாக வைத்துத்தான். சாதாரண கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை, பிக்கப்புகளுக்கும் எஸ்.யூ.வி.களுக்கும் 1.0 முதல் 1.3 வரை என்பது அவர்கள் சொல்லும் அளவு. உதாரணத்துக்கு அகலம் 1,540 மி.மீ., ஈர்ப்பு மையம் 700 மி.மீ. உயரம் என்று வைத்தால் 1.10 வருகிறது. 4 அங்குல கிட்டும் 33 டயரும் சேர்ந்து அந்த மையத்தை 100 மி.மீ. மேலே தள்ளினால் 0.96. மழையில் ஒரு நாய் குறுக்கே ஓடி, நீங்கள் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பும் அந்த ஒரு நொடியில் இந்த வித்தியாசம் தெரியும். கூரை மேல் கேரியர் போட்டுச் சாமான் ஏற்றுகிறவர் என்றால் இன்னும் மோசம்.

ஆகவே 4 அங்குலம் வேண்டாம். காட்டில் மட்டுமே ஓடும், சாலைக்கு வராத வண்டி என்றால் பேச்சு வேறு.

சரி, நண்பரின் யோசனை? அது மலிவு என்பதில் சந்தேகமில்லை. கெடுதல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். முன்னால் ஸ்டிரட்டின் (காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த தூண்) தலையில் ஒரு வட்டத் துண்டை வைத்து இறுக்குகிறார்கள். உங்கள் வகை வண்டியில் ஸ்டிரட்டின் அடிமுனை கீழ் ஆர்மின் நடுவாக்கில் பிடித்திருக்கிறது. அதனால் 25 மி.மீ. துண்டு வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் கிடைக்கும். அதிசயம் போலத் தோன்றும். ஆனால் பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது, கம்பெனி வடிவமைத்த எல்லையைத் தாண்டி அதே இரண்டு மடங்கு கீழே இறங்கும். அப்போது ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயின்ட் தன் எல்லையில் போய் முட்டும், மேல் ஆர்ம் காயில் ஸ்பிரிங்கில் இடிக்கும், சி.வி. ஜாயின்ட் வளையக்கூடாத அளவுக்கு வளையும். எதிர்ப்பக்கத்தில், சக்கரம் மேலே அமுங்கும்போது, ரப்பர் தடுப்பு வேலை செய்வதற்கு முன்பே ஷாக் அப்சார்பர் உள்ளே அடிமட்டத்தில் இடிக்க வாய்ப்பிருக்கிறது.

இதைவிட முக்கியமான குறை ஒன்று. உங்கள் மூக்கு தாழ்ந்ததற்குக் காரணம் பாரம். ஸ்பேஸர் பாரத்தைத் தாங்காது. தளர்ந்த ஸ்பிரிங் தளர்ந்தபடியே இருக்கும், உயரமான இடத்தில் நின்றுகொண்டு தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். வின்ச்சும் பம்பரும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முன் ஆக்சிலுக்குச் சுமார் 80 செ.மீ. முன்னால் தொங்குகிறது. நெம்புகோல் கணக்குப்படி முன் ஆக்சில் மேல் ஏறுவது 100 கிலோ இல்லை, 126 கிலோ. அந்த 26 கிலோ பின் ஆக்சிலிலிருந்து கழிகிறது. பாரம் ஏறியது ஏறியபடி இருக்க, உயரத்தை மட்டும் கூட்டி என்ன பயன்?

பின்னால் வைக்கும் கட்டையைப் பற்றி என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் என் பழைய பிக்கப்பில் ஆக்சிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவில் 2 அங்குலக் கட்டை வைத்தேன். ஒரு மதியத்தில் முடிந்த வேலை. பார்க்க அழகாக இருந்தது. பாரத்தோடு மேட்டில் கிளட்ச்சை விட்டால் பின்பக்கம் முயல் மாதிரி துள்ளும். ஏனென்று அப்போது புரியவில்லை. கட்டை வைத்தால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே நெம்பும் தூரம் கூடிவிடுகிறது. இன்ஜின் இழுக்கும்போது ஆக்சில் சுருண்டு, ஸ்பிரிங் தகடுகளை எஸ் எழுத்து போல வளைக்கிறது. பிடி விட்டதும் படக்கென்று திரும்புகிறது. கொஞ்ச நாளில் பின் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் குறுக்கு ஜாயின்ட் போய், நடுவழியில் நின்றேன். பாரம் ஏற்றாத வண்டியில் சின்னக் கட்டை ஒன்றும் செய்யாது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு, அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் கட்டை மேல் கட்டை அடுக்குவதும், லீஃப் ஸ்பிரிங் உள்ள முன் ஆக்சிலில் கட்டை வைப்பதும் எந்த நிலையிலும் கூடாது. நீளமான ஷாக்கிள் (லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தகடு) போடுவது இன்னொரு மலிவு வழி. ஷாக்கிளைக் கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், கூடவே ஆக்சிலின் சாய்வும் மாறும்.

இன்னொரு வகையும் காதில் விழுந்திருக்கலாம்: சேஸிஸுக்கும் உடம்புக்கும் நடுவில் துண்டு வைத்து உடம்பை மட்டும் தூக்குவது. பெரிய டயருக்கு இடம் விடுமே தவிர, சேஸிஸும் அதற்கு அடியில் உள்ள எதுவும் ஒரு மி.மீ.கூட உயராது. உங்கள் பிரச்சினைக்கு அது சம்பந்தமே இல்லாத வைத்தியம்.

உங்களுக்கு நான் எழுதித் தரும் மருந்து இது: கம்பெனி உயரத்துக்கு மேல் 40 முதல் 50 மி.மீ. வரை உயர்த்தும், உங்கள் பாரத்துக்கென்று தேர்ந்தெடுத்த நான்கு ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்குகளுக்குப் பொருத்தமாக நீளமும் பிடிமானமும் அமைந்த நான்கு ஷாக் அப்சார்பர், தேவைப்பட்டால் முன்பக்க மேல் ஆர்ம். இதோடு டயர் ஒரு படி மட்டும் பெரிது. இப்படிச் செய்தாலும் மேலே சொன்ன 1.10 சுமார் 1.03 ஆகிவிடும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்த லிஃப்ட்டும் இலவசமில்லை.

கடைக்குப் போகும் முன் செய்யவேண்டிய வேலை இரண்டு. முதலாவது எடை. டேங்க் நிறைய டீசல், தண்ணீர் கேன்கள், கருவிப்பெட்டி, வழக்கமாக வரும் ஆட்கள் என்று எல்லாவற்றோடும் எடை மேடைக்குப் போங்கள். முழு வண்டியை ஒருமுறை, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்து ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் ஒருமுறை எடை போடுங்கள். கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ ஒவ்வொரு ஆக்சிலுக்கும் உச்ச எடை கொடுத்திருப்பார்கள். அதை ஏற்கெனவே தாண்டியிருந்தால், ஸ்பிரிங்கை விட்டுவிட்டுச் சாமானைக் குறைப்பதைப் பற்றி யோசியுங்கள். கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் அனுமதிக்கப்பட்ட எடை அதனால் கூடிவிடாது. பிரேக், ஆக்சில், சேஸிஸ் எல்லாம் பழையவைதானே.

இரண்டாவது உயரம். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரைக்கும் நான்கு சக்கரத்திலும் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். இந்த நான்கு எண்ணும் கையில் இல்லாமல் லிஃப்ட் போட்டால், எவ்வளவு உயர்ந்தது என்பதே பின்னால் யாருக்கும் தெரியாது. ஓட்டுநர் பக்கமும் டீசல் டேங்க் பக்கமும் சில மி.மீ. தாழ்ந்திருப்பது சகஜம். 5 மி.மீ. வித்தியாசத்துக்கெல்லாம் பதற வேண்டாம், 15 என்றால் கேளுங்கள்.

இந்த எண்களோடு போனால், நல்ல ஸ்பிரிங் விற்கிறவர் முதலில் கேட்பது ‘எத்தனை அங்குலம்’ என்பதாக இருக்காது. ‘எப்போதும் இருக்கும் பாரம் எவ்வளவு, எப்போதாவது ஏற்றும் பாரம் எவ்வளவு’ என்று கேட்பார். ஒரே வண்டிக்கு, ஒரே உயரத்துக்கு, மூன்று நான்கு விதக் கனத்தில் ஸ்பிரிங் வரும். வெறும் பம்பருக்கு ஒன்று, பம்பரோடு வின்ச்சுக்கு ஒன்று. பின்னால் காலியாக ஓடுவதற்கு ஒன்று, நிரந்தரமாக 200 கிலோ ஏற்றியிருப்பதற்கு ஒன்று, 400, 500 என்று போகும். பலர் செய்யும் தப்பு, ‘இருக்கட்டுமே’ என்று ஒரு படி கனமானதை எடுப்பது. பாரம் குறைவாக இருக்கும்போது அந்த ஸ்பிரிங் வளையாது. வண்டி எதிர்பார்த்ததைவிட உயரமாக நிற்கும், பின்பக்கம் கட்டைவண்டி மாதிரி குதிக்கும், கல் பாதையில் சக்கரம் தரையைத் தழுவாமல் தூக்கிக்கொள்ளும். பாரம் மாறிக்கொண்டே இருந்தால், சாதாரண நாளின் பாரத்துக்கு ஸ்பிரிங் எடுத்து, விசேஷ நாளில் கொஞ்சம் தாழ்ந்து போவதைப் பொறுத்துக்கொள்வதே மேல். பின் ஸ்பிரிங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வைக்கும் காற்றுப் பைகளை எனக்குப் பிடிக்காது. பாரத்தில் பெரும்பங்கைச் சேஸிஸின் ஒரே இடத்தில் குவித்துவிடும். பின்கோடியில் கனம் ஏற்றிய இரட்டை கேபின் வண்டிகளில் சேஸிஸ் வளைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஷாக் அப்சார்பரை மறந்துவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு. புது ஸ்பிரிங் வண்டியை உயர்த்திவிட்டது, பழைய ஷாக் அப்சார்பர் அதே நீளம். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அது முழு நீளத்துக்கும் இழுபட்டு ‘டங்’ என்று நிற்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு டங். அதன் வேலை அசைவை வெப்பமாக மாற்றுவது. அலையலையான மண் சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் கை வைக்கமுடியாத சூடு ஏறும். எண்ணெய் நுரைத்துவிட்டால் பிடிமானம் போய்விடும். நுரைக்காமல் இருக்கத்தான் அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு அடைத்து வருகிறது. ஒற்றைக் குழாய் வகை சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், ஆனால் வெளிக்குழாயில் கல் அடித்து நசுங்கினால் வேலை முடிந்தது. இரட்டைக் குழாய் வகை சூட்டில் கொஞ்சம் சோர்ந்தாலும் அடி தாங்கும். மாதம் இரண்டு மூன்று நாள் காட்டுக்குப் போகிற உங்களுக்கு, நல்ல இரட்டைக் குழாய் வகையே தாராளம். தனி எண்ணெய்க் குடுவை தொங்கும் பந்தய வகையெல்லாம் கண்ணுக்கு விருந்து, பையைக் காலி செய்யும்.

இனி, உயர்த்தியதால் தானாக மாறிப்போகும் விஷயங்கள். முன் ஆர்ம்களின் கோணம் மாறுவதால் காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங் தானாக நேராவது அந்தச் சாய்வு இருப்பதால்தான். அது குறைந்தால் வேகச்சாலையில் வண்டி அலைபாயும், நீங்கள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். 40 மி.மீ. வரை பெரும்பாலும் கம்பெனி வைத்த சரிசெய்தலிலேயே அலைன்மென்ட் பிடித்துவிடலாம். 50-ஐ ஒட்டிப் போனால் புது மேல் ஆர்ம் தேவைப்படலாம். அலைன்மென்ட் முடிந்ததும் முன்பின் எண்கள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். சி.வி. கோணத்தைக் குறைக்க முன் டிஃபரன்ஷியலைக் கொஞ்சம் இறக்கும் துண்டுகள் சில கிட்டில் வரும். இந்த உயரத்துக்கு அது கட்டாயமில்லை. ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசினால் மட்டும் போடுங்கள்.

பின் பிரேக்கைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பல பிக்கப்புகளில் சேஸிஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு கம்பியோ சின்ன ஸ்பிரிங்கோ போகும். அது பாரத்தை உணரும் பிரேக் வால்வு. ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடைவெளி குறைந்தால் ‘பாரம் இருக்கிறது’ என்று பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், இடைவெளி கூடினால் ‘வண்டி காலி’ என்று குறைக்கும். நீங்கள் 50 மி.மீ. உயர்த்தினால், பின்னால் ஏற்றியிருந்தாலும் வால்வு பாரத்தை உள்ளதைவிடக் குறைவாகவே நினைக்கும். ஒருமுறை வேறு இடத்தில் லிஃப்ட் போட்ட வண்டி ஒன்று, ‘பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது, நிற்க நேரமாகிறது’ என்று என்னிடம் வந்தது. பேட், டிஸ்க் எல்லாம் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கம்பியின் பிராக்கெட்டை உயர்த்திய அளவுக்கு நகர்த்தியதும் சரியாகிவிட்டது. சில புது வண்டிகளில் இந்த வால்வே இருக்காது, கணினி பார்த்துக்கொள்ளும். உங்களுடையதில் இருக்கிறதா என்று அடியில் படுத்திருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். சென்சார் ஒயர், டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாய் மூன்றும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது விறைப்பாக இழுபடக்கூடாது. பின் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால், வண்டி கிளம்பும்போது இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் வரலாம். நடு பேரிங்கைச் சில மி.மீ. இறக்கினால் போய்விடும். முகப்பு விளக்கைத் தாழ்த்தி அமைக்கவேண்டும், எதிரே வருகிறவர் உங்களைத் திட்டாமல் இருக்க. தானாக பிரேக் போடும் கேமராவோ ரேடாரோ இருந்தால் அதையும் மறுபடி அளவமைக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஆர்ம்களிலும் லீஃப் ஸ்பிரிங்கிலும் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டை, சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கவேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். அவசரப்படும் ஒர்க்‌ஷாப்புகளில் தினமும் நடக்கும் தப்பு இது. அடுத்தது, லீஃப் ஸ்பிரிங்கை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யு-போல்ட். பழையது ஏற்கெனவே இழுபட்டு நீண்டிருக்கும், புதிதுதான் போடவேண்டும். முதல் 500 கி.மீ.க்குள் எல்லாவற்றையும் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள். புது ஸ்பிரிங் சில மி.மீ. உட்காரும், அதற்குப் பிறகு அலைன்மென்டை இன்னொரு தடவை சரிபாருங்கள்.

டயர். இப்போது இருக்கும் 265/65 ஆர்17-இன் விட்டம் சுமார் 776 மி.மீ. 265/70 ஆர்17 போட்டால் சுமார் 803, டிஃபரன்ஷியல் 13 மி.மீ. உயரும். மெக்கானிக் சொன்ன 33 அங்குலம் என்பது 285/70 ஆர்17 அளவு, சுமார் 831 மி.மீ., 27 மி.மீ. உயரும். ஆனால் அதைப் போட்டால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 107-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். இன்ஜினுக்கு ஒவ்வொரு கியரும் ஏழு சதவீதம் நீண்டது போல இருக்கும், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கூடுதல் கனம். திருப்பத்தில் மட்கார்டின் உள்பக்கத்தை உரசும், ஸ்பேர் டயர் அதன் இடத்தில் அடங்காது. 265/70 போதும், கடினமான பக்கச்சுவர் உள்ள ஆல் டெரெய்ன் வகையாக எடுங்கள். கல் பாதையில் நுழையும் முன் காற்றை 35-லிருந்து 25 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி மெதுவாகப் போங்கள், தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி அடியுங்கள். பல பேர் லிஃப்ட்டில் தேடும் பிடிமானம் இதிலேயே கிடைத்துவிடும், ஒரு கையடக்க கம்ப்ரெசர் செலவில்.

ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் பகுதி வாகனப் பதிவு விதியையும் காப்பீட்டு நிபந்தனையையும் எழுத்தில் பார்த்துவிடுங்கள். எவ்வளவு உயர்த்தலாம், சான்றிதழ் வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அனுமதியில்லாத மாற்றம் என்று சொல்லிக் காப்பீட்டுக்காரர் கை விரிப்பது விபத்துக்குப் பிறகுதான் தெரியவரும்.

அம்மாவுக்கு வருகிறேன். இப்போது குலுங்குவதற்குக் காரணம், பாரத்தில் அமுங்கிய பின் ஸ்பிரிங் ஒவ்வொரு மேட்டிலும் ரப்பர் தடுப்பில் போய் இடிப்பதாக இருக்கலாம். பாரத்துக்கேற்ற ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் வந்தால், அந்த இடி நின்று, இப்போதைவிட மென்மையாகவே போகும். தேவைக்கு மேல் கனமான ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டால்தான் குலுக்கல் இன்னும் மோசமாகும். கூண்டையும் பெட்டியையும் இறக்கிவிட்டு ஓட்டும் நாள் உண்டா என்று கடைக்காரரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அந்தப் பதிலை வைத்தே பின் ஸ்பிரிங்கின் கனத்தை முடிவு செய்வார்.

உயர்ந்த வண்டியில் அவர் ஏறுவதுதான் நிஜமான சிரமம். சாதாரண அலுமினியப் படிக்கட்டு, சேஸிஸுக்குக் கீழே தொங்கி, நீங்கள் சம்பாதித்த உயரத்தில் பாதியைத் தின்றுவிடும். உரசல் தடம் ஏற்கெனவே அதன் மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைக் கழற்றிவிட்டு, சேஸிஸோடு பிடித்துக் கதவுக்கு அடியில் ஒட்டினாற்போல் ஓடும் தடித்த இரும்புக் குழாய்க் காப்பைப் போடுங்கள். கல்லில் உட்கார்ந்தாலும் வண்டியின் எடையைத் தாங்கும், மேல்பக்கம் சொரசொரப்பான தகடு வைத்தது கிடைக்கும், அம்மா அதன் மேல் கால் வைத்து ஏறலாம். கதவுத் தூணில் ஒரு கைப்பிடியும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.